நானசெப் பாலத்தில் நுயி

மெய்ஜி 43, நவம்பர் 20
மது ஆலை, கணவாய்க்குத் தெற்கே

அன்புள்ள செகி அக்காவுக்கு,

தம்பி யோசுகே வணங்கி எழுதுவது. நான் நலம். கால் மட்டும் நலமில்லை என்று சொல்ல வேண்டும். விடியும் முன்பே அரிசி கழுவ இறக்கிவிடுகிறார்கள். தண்ணீரில் நின்று மிதித்துக் கழுவி, வெளியே வந்து பார்த்தால் விரல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

இந்த வருஷம் ஊறல் கிண்டவும் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஆளைவிட உயரமான மரத்தொட்டி. மேலே பலகையில் நின்று நீளக் கழியால் கிண்ட வேண்டும். எல்லாரும் சேர்ந்து பாடுவோம். பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும். என்னுடையது தவளைக் குரல் என்று நுயி சொல்வாளே, இங்கே அந்தத் தவளையைத்தான் முன்பாட்டுக்கு வைத்திருக்கிறார்கள் என்று அவளிடம் சொல்.

மேஸ்திரி ஹாச்சிரோ நல்லவர்தான். ஆனால் தீட்டு என்றால் நெருப்பு. போன வாரம் ஒருவனுடைய அப்பா இறந்த செய்தி வந்தது. அன்று மத்தியானமே அவனைத் துணிமூட்டையோடு வாசலில் நிறுத்திவிட்டார். “சாவு வீட்டுக் கை பட்டா ஊறல் கெட்டுப் போயிடும்டா. உன் தப்பில்ல. ஆனா நீ இங்க இருக்கக் கூடாது” என்றார். அவன் தலைகுனிந்து போனான். எங்கே போனானோ.

நுயிக்குப் படிக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் உனக்கே எழுத வேண்டியிருக்கிறது. சில வரிகளை நீ வாய்விட்டுப் படித்தால் அவள் அடுப்படிக்கு ஓடிவிடுவாள். ஆகவே அந்த வரிகளை எழுதவில்லை. நீயாகச் சேர்த்துக்கொள். வயிற்றுப் பிள்ளையோடு அவளைத் தண்ணீர் தூக்க விடாதே. கடிதம் போடாமல் என்னைக் காயப்போடாதே.

உன் தம்பி,
யோசுகே


மெய்ஜி 43, டிசம்பர் 16
நானசெ

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். கடிதம் போடவில்லை என்று குறைப்படுகிறாய். தபால்காரர் பனிக்காலணி கட்டிக்கொண்டு வந்தால்தான் கடிதம். அவர் வர வேண்டுமானால் பனி கொஞ்சம் ஓய வேண்டும். எங்களுக்குக் கீழ்வாசல் மூடிப்போயிற்று. மேல் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குகிறோம்.

நுயி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

“தண்ணி தூக்கலைன்னு எழுதுங்கக்கா. தூக்கினேன்னு எழுதுனா அங்க அவருக்குக் கை ஓடாது.”

“அப்படின்னா தூக்குறியா?” என்றேன்.

“அது எழுதுறதுக்கு இல்ல.”

பிறகு சொன்னாள்: “உள்ள இருக்கறது எந்நேரமும் ஊறல் கிண்டுதுன்னு எழுதுங்க. அப்பன் மாதிரியேதான், ஒரு தாளம் நிக்கறதில்ல. பாட்டு மட்டும் கேக்கல. அந்த மட்டுக்கும் நல்லது.”

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. காய்ந்த சீமைப்பனிச்சைப் பழம் ஒரு சரம் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டு, எலி தின்றது என்கிறாள். நானும் எலியைத் திட்டிவிட்டேன்.

நீ எழுதாத வரிகளைச் சேர்த்துப் படித்தேன். அடுப்படிக்கு ஓடினாள். ஓட முடியாமல் ஓடினாள் என்று எழுத வேண்டும். வயிறு நன்றாகவே இறங்கியிருக்கிறது. மருத்துவச்சி தொரா ஜனவரிக் கடைசி என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
செகி


மெய்ஜி 44, ஜனவரி 29
நானசெ

தம்பி யோசுகேக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. யாராவது பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துக்கொள்.

நுயி போய்விட்டாள். பிள்ளையும் போய்விட்டது. பிள்ளை வெளியே வரவே இல்லை.

வலி எடுத்த அன்றுதான் பனி காற்றோடு அடித்தது. தொராவின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆண்பிள்ளைகள் பாதை வெட்டிக்கொண்டே போய் அவரை முதுகில் சுமந்து வந்தார்கள். வந்தவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. குறுக்கே கிடக்கிறது என்றார். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். நுயி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். உன் பெயரை ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதுவும் உன்னைக் கூப்பிடுகிற மாதிரி இல்லை. யாரிடமோ உன்னைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியது போல இருந்தது.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். பிள்ளையோடு செத்தவளை அப்படியே புதைத்தால் அவள் பிள்ளையைச் சுமக்கும் பேயாக, உபுமேயாகத் திரிவாள் என்று உனக்கும் தெரியும். பிள்ளையைப் பிரித்தெடுத்துக் கையில் கொடுத்துப் புதைக்க வேண்டும். தொரா கத்தியைக் கழுவி வைத்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் விடவில்லை. “புருஷன் சம்மதம் இல்லாம அவ வயித்துல கத்தி வைக்கறதா? அவன் வந்து கேட்டா யார் பதில் சொல்றது?” என்றார்கள். உன் சம்மதத்தை நான் எங்கே போய் வாங்குவேன்? காத்திருக்கவும் முடியாது. இரண்டு பேரையும் ஒருவராகவே புதைத்தோம்.

பிட்சு கென்ஷோ பாலத்தின் அடியில் நான்கு மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். பக்கத்தில் அகப்பை. வழியில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு அகப்பை தண்ணீர் அதன்மேல் ஊற்ற வேண்டும். துணி வெளுத்துக் கிழிந்தால் அவளுக்கு விடுதலை. ஆற்றில் நடுவே மட்டும்தான் தண்ணீர் ஓடுகிறது. இந்தப் பனியில் வழியில் போகிறவர்களும் இல்லை.

நீ சாப்பிட வேண்டும். வேறென்ன எழுத என்று தெரியவில்லை.

அக்கா,
செகி


மெய்ஜி 44, பிப்ரவரி 14
மது ஆலை

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அரிசி கழுவுகிற முற்றத்தில் வைத்துப் படித்தேன். “வீட்டுல விசேஷமாடா?” என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். “பையன்” என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். மேஸ்திரி தன் கிண்ணத்திலிருந்தே எனக்கு ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

உண்மையைச் சொன்னால் அடுத்த நாழிகை வாசலில் நிற்பேன். கணவாய் மூடியிருக்கிறது. பனி ஓயும் நாளில் தபால் பை மட்டும் எப்படியோ கடந்து வருகிறது. மேலே ஏறப் போன இரண்டு சுமைகாரர்களை இதுவரை கண்டெடுக்கவில்லை. வீட்டுக்கும் வர முடியாது, இங்கேயும் இருக்க முடியாது. ஆகவே கழியைப் பிடித்துக்கொண்டு பாடுகிறேன். அழுதால் கேட்பார்கள். பாட்டில் குரல் உடைந்தால் குளிர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சம்மதம் என்று எழுதியிருப்பேன், அக்கா. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். இப்போது எழுதி என்ன.

எனக்காகவும் ஒரு அகப்பை ஊற்று.

யோசுகே


மெய்ஜி 44, மார்ச் 2
நானசெ

தம்பிக்கு,

நாள்தோறும் ஊற்றுகிறேன். உனக்காக ஒன்று, எனக்காக ஒன்று. பனிக்கட்டியை உடைத்துத்தான் மொள்ள வேண்டியிருக்கிறது. ஊற்றிய தண்ணீர் துணியிலேயே உறைந்துவிடுகிறது. தட்டினால் பலகை மாதிரி சத்தம் வருகிறது. சிவப்பு அப்படியே இருக்கிறது.

உனக்குச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வேறு யாராவது உனக்கு எழுதிவிட்டால்?

விறகு சுமக்கும் மத்சுசோ அந்தி மங்கும் நேரத்தில் பாலத்தில் வந்துகொண்டிருந்திருக்கிறார். நடுப்பாலத்தில் ஒரு பெண், கையில் துணிச்சுருட்டு. தலை விரிந்து கிடந்ததாம். இடுப்புக்குக் கீழே எல்லாம் நனைந்திருந்ததாம். “அண்ணே, இத கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, தலைய முடிஞ்சுக்கறேன்” என்றாளாம். குரலைக் கேட்டதும் யார் என்று தெரிந்துவிட்டது. விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்து எங்கள் ஜன்னலில் விழுந்தார். அப்புறம் இன்னும் சிலர் பார்த்தார்கள். எல்லாரிடமும் அதே பேச்சு. கத்துவதில்லை, துரத்துவதில்லை. கையை நீட்டிப் பிள்ளையைக் காட்டுகிறாள், அவ்வளவுதான்.

இப்போது யாரும் பாலத்தின் பக்கம் போவதில்லை. மேலே சுற்றிக்கொண்டு போகிறார்கள். துணிக்குத் தண்ணீர் ஊற்ற நாதியில்லை. “வழிப்போக்கர் கைத் தண்ணிதாம்மா வேணும். நீ ஊத்தறது பத்தாது” என்கிறார் பிட்சு. தண்ணீர் ஊற்றாததால் அவள் நிற்கிறாள். அவள் நிற்பதால் யாரும் ஊற்ற வருவதில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். “வீட்ல பிள்ளைகுட்டி இருக்கே, செகி” என்று கதவைச் சாத்துகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை.

எனக்கு மட்டும் அவள் தெரிவதில்லை. அந்தி வரை நின்று பார்க்கிறேன். வருவதில்லை.

அக்கா,
செகி


மெய்ஜி 44, மார்ச் 15
மது ஆலை

அக்காவுக்கு,

முதலில் கோபம் வந்தது. மத்சுசோ குடிகாரன் என்று எழுதத் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அவர் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு தொட்டி ஊறல் கெட்டுவிட்டது. புளித்த நாற்றம் கொல்லைவரை அடித்தது. மேஸ்திரி எங்களை வரிசையாக நிற்கவைத்து, “எவன் வீட்லயாவது சாவு உண்டா? இப்ப சொல்லிடுங்க, அடிக்க மாட்டேன்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என்னால்தான் கெட்டதா, தெரியாது. ஆனால் அன்றிலிருந்து என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவளைப் பார்த்தால் சொல். ஆலை ஏப்ரலில் மூடிவிடும். கணவாய் திறந்ததும், பக்கத்து ஆலையில் இருக்கும் நம்மூர்க் கின்பேயும் மற்றவர்களும் கிளம்புவார்கள். அவர்களோடு வந்துவிடுகிறேன் என்று சொல். அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல்.

அவள் முகம் எப்படி இருக்கிறது என்று அவர்கள் யாரும் சொல்லவில்லையா? நல்லபடியாக இருந்தால் மட்டும் எழுது.

யோசுகே


மெய்ஜி 44, மார்ச் 30
நானசெ

தம்பிக்கு,

பார்த்தேன். முகம் நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். பயப்படாமல் படி.

நேற்று தண்ணீர் ஊற்றிவிட்டு மேலே ஏறி வந்தேன். மழையும் பனியுமாகத் தூறிக்கொண்டிருந்தது. பாலத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். “அக்கா” என்றாள். ஓடாமல் நின்றேன்.

“இத்தனை நாளா என்கிட்ட ஏன் வரல?” என்று கேட்டேன்.

“உங்கள எதுக்குக் கஷ்டப்படுத்தணும்னுதான். அன்னிக்கே உங்க கைய நான் நசுக்கிட்டேன்.”

“கொடு” என்றேன்.

கொடுத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. வெறும் துணியின் கனம்தான். முகத்தைப் பார்க்கலாம் என்று குனிவதற்குள் கனக்கத் தொடங்கியது. அரிசி மூட்டை போல, பிறகு அம்மிக்கல் போல. முழங்கால் மடங்கியது. அவள் பாதித் தலையைக்கூட முடிந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன், யோசுகே. என் கையிலிருந்து நழுவியது. பனியில் விழுந்த சத்தம் கேட்டது. கீழே பார்த்தால் பனிக்கட்டி ஒன்று உருண்டு கிடக்கிறது. அவள் குனிந்து எடுத்தபோது மறுபடியும் பிள்ளையாக இருந்தது.

நான் அழுதேன். அவள் அழவில்லை.

“பரவால்லக்கா. எல்லாருக்கும் கனமாத்தான் இருக்கு” என்றாள்.

நீ வருகிறாய் என்று சொன்னேன். ஆலை ஆட்களோடு வருகிறாய் என்று. முகம் மலர்ந்துவிட்டது. “அவரு பிடிச்சுக்குவாரு. அவரு கைல தந்துட்டா எனக்குப் போதும்” என்றாள். சொல்லிவிட்டுத் தலையை ஒரு கையாலேயே ஒதுக்கிக்கொண்டாள்.

ஆகவே வந்துவிடு. உன்னால் முடியும்.

அக்கா,
செகி


மெய்ஜி 44, ஏப்ரல் 27
துறைமுகக் கிடங்கு

அக்காவுக்கு,

உறையின் மேல் என் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ என்ன வேண்டுமானாலும் நினை.

கிளம்பினேன். பாதி வழிவரை கின்பேயோடு பேசிக்கொண்டே வந்தேன். கணவாய்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அங்கிருந்து நம் ஆறு கோடுபோலத் தெரியும், பாலமும் தெரியும். பாலத்தின் மேல் வெள்ளையாக ஒன்று நின்றது. “பனி இன்னும் கரையல போல” என்றார் கின்பே. பனி இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அசைந்தது. எங்களைப் பார்ப்பது போலிருந்தது.

உன் கடிதம் மடியில் இருந்தது. அரிசி மூட்டை, அம்மிக்கல் என்று எழுதியிருந்தாய். என் கையைப் பார்த்தேன். நீயே பிடிக்க முடியாததை நான் எப்படிப் பிடிப்பேன்? நானும் கீழே போட்டுவிட்டால் அவள் “பரவாயில்லை” என்பாள். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்க என்னால் முடியாது, அக்கா. வேறு எதைச் சொன்னாலும் கேட்டிருப்பேன்.

புகைக்குழாயைக் கடையில் மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பின்தங்கினேன். அவர்கள் இறங்கியதும் திரும்பி நடந்தேன். ஓடினேன் என்பதுதான் சரி.

இங்கே மூட்டை தூக்குகிறேன். மேற்சொன்ன விலாசத்தில் கொஞ்ச காலம் இருப்பேன். அவளிடம் ஏதாவது சொல். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

யோசுகே


மெய்ஜி 44, மே 12
நானசெ

யோசுகே,

உன் கடிதம் நேற்று வந்தது. உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். செத்தவன் எழுதுகிறான் என்று நினைத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

அன்று ஆட்கள் இறங்கி வந்தபோது நான் அகப்பையோடு ஆற்றங்கரையில் நின்றேன். யார் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். “யோசுகே எங்க?” என்று கின்பேயிடம் கேட்டேன். “புகைக்குழாய் எடுக்கப் போனான், பின்னாலயே வர்றான்” என்றார். இருட்டும்வரை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்போதுதான் கின்பே சொன்னார், அவர்கள் இறங்கிய பிறகு மேலே பனி சரிந்த சத்தம் கேட்டது என்று.

ஊரே திரண்டு போயிற்று. பாலத்துப் பக்கம் வரப் பயந்தவர்கள் எல்லாரும் உனக்காக வந்தார்கள். மத்சுசோ கைத்தோல் உரிய உரியத் தோண்டினார். ஒரு வைக்கோல் தொப்பி கிடைத்தது. தம்பியுடையதுதான் என்று நான் சொன்னேன். எல்லாத் தொப்பியும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது உன்னுடையதாகத்தான் தெரிந்தது. பிட்சு மந்திரம் ஓதினார். உன் பெயர் எழுதிய நினைவுப் பலகையை நுயியின் பலகைக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அதற்கு மறுநாள் அந்தியில் நானே பாலத்துக்குப் போனேன். நின்றுகொண்டிருந்தாள். கணவாய்ப் பாதையைப் பார்த்தபடி.

“அக்கா, எல்லாரும் வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க. அவன் மட்டும் வரல.” அவள் பார்த்த பாதையை நானும் பார்த்தேன். “பனி சரிஞ்சிடுச்சு நுயி.”

பிள்ளையின் துணியை இழுத்து மூடினாள். பிறகு, “வலிச்சிருக்குமா?” என்றாள்.

“உடனே போயிருக்கும்னு சொல்றாங்க.”

“தனியாவா போனாரு?”

“தனியாத்தான்.”

பிள்ளையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். “அவருக்குப் புது இடத்துல வழி தெரியாது. ஆலைக்குப் போன மொத வருஷமே ரெண்டு ஊர் தள்ளிப் போயி இறங்கினவரு. நான் போய்ப் பாக்கறேன்க்கா” என்றாள்.

“பிள்ளை கனக்குமே” என்றேன்.

“கனக்கும்” என்றாள். அப்படியே நடந்தாள். பாலத்தின் அந்த முனை வரை தெரிந்தாள். அப்புறம் தெரியவில்லை. அன்றிலிருந்து யாரும் அவளைப் பார்க்கவில்லை. துணி இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. வழிப்போக்கர் யாரும் ஊற்றாமலே போய்விட்டாள். ஊரில் எல்லாருக்கும் நிம்மதி. பாலத்தில் போகிறார்கள், வருகிறார்கள். எனக்கும் அழுகை ஓய்ந்து, இரண்டு பேரும் ஒன்றாக இருப்பார்கள் என்று தூக்கம் வரத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் உன் கடிதம்.

நேற்று அந்தியில் ஓடினேன். “நுயி, அவன் சாகல, திரும்பி வா” என்று கத்தினேன். பனி உருகி ஆற்றில் வெள்ளம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இருட்டும்வரை நின்றேன். யாரும் வரவில்லை.

நீ உயிரோடு இருப்பது எனக்குச் சந்தோஷம். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. என்ன ஆனாலும் நீ என் தம்பி. உன்னைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. நானும் கீழே போட்டவள்தானே. ஆனால் அவள் அங்கே உன்னைத் தேடிக்கொண்டிருப்பாளே, யோசுகே. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு யார் போய்ச் சொல்வது? பிட்சுவிடம் கேட்கலாம் என்றால், உன் கடிதத்தைக் காட்ட வேண்டும். மத்சுசோவின் கைப்புண் இன்னும் ஆறவில்லை. யாரிடமும் காட்டவில்லை.

உன் பலகைக்கு முன்னால் காலையில் சோறு வைக்கிறேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். வைத்தால், உயிரோடு இருப்பவனுக்குப் படையல் வைக்கிறோமே, ஏதாவது ஆகிவிடுமோ என்று கை கூசுகிறது. இன்றைக்கு வைத்துவிட்டேன். நாளைக்கு வைக்கவா, வேண்டாமா என்று எழுது.

அக்கா,
செகி